"நான் என்ன பாவம் பண்ணேன்?"னு நோயாளி கேட்டா: ஸ்பிரிச்சுவல் கேர் பத்தி ஒரு எளிய அறிமுகம்

எங்கப்பாவுக்கு கல்லீரல்ல கேன்சர்னு தெரிஞ்சு நாலாவது மாசம், ராத்திரி ரெண்டு மணி இருக்கும், தண்ணி கேட்டாரு, எழுந்து போய் கொடுத்தேன், குடிச்சிட்டு டம்ளரை என் கையில திருப்பிக் கொடுக்கும்போது "நான் அப்படி என்னய்யா பாவம் பண்ணிட்டேன்?"னு கேட்டாரு. கோவமா கேட்கல, அழுதுக்கிட்டும் கேட்கல, மதுரை பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்குற மாதிரி சாதாரணமாத்தான் கேட்டாரு. நான் பதறிப்போய் "அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா, ஒண்ணும் ஆகாது, சரியாயிடும், தூங்குங்க"ன்னு போர்வையை இழுத்து விட்டேன். அவரும் சரின்னு சுவர் பக்கம் திரும்பி படுத்துட்டாரு. அதுக்கப்புறம் 23 நாள் இருந்தாரு, அந்தக் கேள்வியை என்கிட்ட மறுபடி கேட்கவே இல்ல.

அப்பா போய் ரெண்டு வருஷம் கழிச்சு, வீடு வீடா போய் நோயாளிகளைப் பார்க்குற ஒரு பேலியேட்டிவ் கேர் டீம்ல வாலண்டியரா சேர்ந்தேன். ட்ரெய்னிங்ல ரெண்டாவது நாள் ஒரு நர்ஸ் அக்கா கிளாஸ் எடுத்தாங்க. போர்டுல "ஏன் எனக்கு?"ன்னு மட்டும் எழுதிட்டு, நோயாளி இப்படி கேட்டா என்ன பதில் சொல்வீங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டாங்க. விதின்னு ஒருத்தர் சொன்னாரு, கடவுள் சோதிக்கிறாருன்னு ஒருத்தர், மருத்துவம் எவ்வளவோ வளர்ந்திருச்சுன்னு ஒருத்தர், நான் "தைரியமா இருங்கன்னு சொல்லுவேன்"னு சொன்னேன். எல்லாத்தையும் போர்டுல எழுதி முடிச்சிட்டு அக்கா சொன்னாங்க, "இதுல ஒண்ணைக்கூட அவங்க உங்ககிட்ட கேட்கலையே". எனக்கு அந்த ராத்திரி டம்ளர்தான் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்குத்தான் ஸ்பிரிச்சுவல் கேர்னு ஒண்ணு இருக்குறதே எனக்குத் தெரியும், அதைத்தான் இங்க என்னால முடிஞ்ச அளவுக்கு எழுதுறேன், வீட்டுல படுத்த படுக்கையா ஒருத்தரை வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்குறவங்களுக்கு உதவும்னு நினைச்சு.

முதல்ல பேலியேட்டிவ் கேர்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடுறேன். நோயை குணப்படுத்த முடியுதோ இல்லையோ, அந்த நோயால வர்ற கஷ்டத்தைக் குறைக்கிற வைத்தியம். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, ஆறாத புண்ணு இதெல்லாம் ஒரு பக்கம், பயம், தூக்கமின்மை ஒரு பக்கம், பணம், குடும்பம், பிள்ளைங்க படிப்புன்னு ஒரு பக்கம், நாலாவதுதான் ஆன்மிகப் பக்கம். இது யாரோ பக்திமான் தனியா சேர்த்த விஷயம் இல்லைங்க, உலக சுகாதார நிறுவனம் 2002ல வெளியிட்ட பேலியேட்டிவ் கேர் வரையறையிலேயே உடல் வலி, மன, சமூகப் பிரச்சனைகளோட ஆன்மிகப் பிரச்சனையையும் சேர்த்து கண்டுபிடிச்சு சரி பண்ணணும்னு இருக்கு.

ஆன்மிகம்னு சொன்னதும் நம்ம ஆளுங்க உடனே கோயில், சர்ச், பள்ளிவாசல்னு நினைச்சிடுறாங்க. அதுவும் இதுல ஒரு பகுதிதான், ஆனா விஷயம் அதைவிட அகலமானது. நான் வாழ்ந்த வாழ்க்கைக்கு ஏதாவது அர்த்தம் இருந்துச்சா, யாருக்காவது துரோகம் பண்ணிட்டேனா, கடவுள் என்னைக் கைவிட்டுட்டாரா, செத்தப்புறம் என்ன ஆவேன், நான் போயிட்டா என்னை யாராவது நினைப்பாங்களா, இப்படி உள்ளுக்குள்ள ஓடுற எல்லாமே இதுல அடங்கும். அதனால கடவுளே இல்லைங்கிறவருக்கும் இது தேவைப்படும். நாங்க பார்த்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கருப்புச்சட்டைக்காரரு, பெரியார் படத்தைத் தவிர வீட்டுல வேற படம் கிடையாது. அவருக்கு சாவைப் பத்தி பயமே இல்ல, தான் போனப்புறம் சொந்தக்காரங்க சேர்ந்து ஐயரைக் கூப்பிட்டு சடங்கு பண்ணிடுவாங்களோன்னுதான் பயம், அறுபது வருஷம் நின்ன கொள்கையை ஒரே நாள்ல அழிச்சிடுவாங்களேன்னு. எங்க டீம் டாக்டர் அவரோட மகனை உட்கார வச்சு பேசினாரு, மெடிக்கல் காலேஜ் உடற்கூறியல் துறையில உடல் தானத்துக்கான ஃபார்ம் வாங்கி வந்து பூர்த்தி பண்ணி மகன் கையெழுத்தையும் வாங்கினோம். அந்த பேப்பரை அவர் தலையணைக்கு அடியிலேயே வச்சிருந்தாரு. என்னைக் கேட்டா அந்த ஃபார்ம் வாங்கி வந்ததும் ஸ்பிரிச்சுவல் கேர்தான்.

உண்மையில இந்த சங்கதி நம்ம ஊருக்குப் புதுசே இல்ல. ரொம்ப நாளா இழுத்துக்கிட்டு கிடக்குற பெரியவங்களைப் பார்த்து ஊர்ல என்ன சொல்லுவாங்க, "எதை நினைச்சு உயிர் நிக்குதோ"ன்னுதானே சொல்லுவாங்க. மக வரணும்னு நிக்குது, பேரன் முகத்தைப் பார்க்கணும்னு நிக்குது, மண்ணாசையில நிக்குதுன்னா அவங்க நிலத்து மண்ணையே கரைச்சு உதட்டுல வைக்கிறதுன்னு கிழவிங்களுக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. உயிர் அதுக்காகத்தான் நிக்குதான்னு எனக்கு சொல்லத் தெரியாது, ஆனா சாகப்போற மனுஷனுக்கு உடம்பைத் தாண்டி ஏதோ ஒண்ணு பாக்கி இருக்கும், அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னு அவங்களுக்குப் புரிஞ்சிருந்துச்சு. ஐசியூ வாசல்ல நிக்கிற நமக்குத்தான் அது மறந்துபோச்சு.

இதை மருத்துவத்துக்குள்ள கொண்டு வந்தவங்க சிசிலி சாண்டர்ஸ்னு இங்கிலாந்துல ஒரு அம்மா. முதல்ல நர்ஸ், அப்புறம் ஆஸ்பத்திரி சமூகப் பணியாளர், அதுக்கப்புறம் மருத்துவம் படிச்சு 1957ல டாக்டரானவங்க. 1948ல அவங்க பார்த்துக்கிட்ட நோயாளிகள்ல டேவிட் டாஸ்மான்னு போலந்துல இருந்து வந்த ஒரு யூதர், வயசு 40தான், கேன்சர், லண்டன்ல சொந்தம்னு யாருமே இல்ல. உலகத்துல நான் வாழ்ந்ததுக்கு ஒரு தடயம்கூட இல்லாம போகப்போறேனேங்கிறதுதான் அவரோட பெரிய வேதனை. ரெண்டு பேரும் பேசிப் பேசி, சாகப்போறவங்களுக்குன்னே ஒரு இடம் கட்டணும்னு ஒரு யோசனை வந்துச்சு, அவர் இறக்கும்போது 500 பவுண்டு எழுதி வச்சிட்டு "உங்க வீட்டுல நான் ஒரு ஜன்னலா இருப்பேன்"னு சொல்லிட்டுப் போனாரு. அந்த வீடு கட்டி முடிய 19 வருஷம் ஆச்சு, 1967ல லண்டன்ல செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் திறந்தாங்க, அந்த ஜன்னலும் அங்க இருக்கு.

சாண்டர்ஸ் 1960கள்ல 'டோட்டல் பெயின்'னு ஒரு விஷயம் சொன்னாங்க, முழு வலின்னு வச்சுக்கலாம். ஒரு நோயாளிகிட்ட வலியைப் பத்தி சொல்லுங்கன்னு கேட்டப்ப, முதுகுலதான் ஆரம்பிச்சது டாக்டர், இப்ப என்னோட மொத்தமுமே கெட்டுப்போன மாதிரி இருக்குன்னு அந்தம்மா சொல்லியிருக்காங்க. உடம்பு வலி, மனசு வலி, குடும்ப வலி, ஆன்மிக வலி நாலும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டுதான் இருக்கும், ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணை மட்டும் சரி பண்ண முடியாதுங்கிறதுதான் இதோட சாரம். மார்ஃபின் டோஸ் ஏத்திக்கிட்டே போயும் ராத்திரி மட்டும் வலி குறையலைன்னா, ராத்திரி அந்த ஆளு எதை நினைக்கிறாருன்னும் கேட்கணும். அதே மாதிரி தலைகீழாவும் உண்டு, வலி பத்துக்கு எட்டுன்னு துடிக்கிறவர்கிட்ட போய் வாழ்க்கையோட அர்த்தம் பேசக்கூடாது, முதல்ல மாத்திரை கொடுங்க, வலி இறங்கட்டும்.

இதை நான் கண்ணால பார்த்த ஒரு கதை சொல்றேன். சாத்தூர் பக்கம் ஒரு ஊர், அந்தம்மாவுக்கு 58 வயசு, தீப்பெட்டி ஒட்டி ரெண்டு பொண்ணுங்களைக் கட்டிக்கொடுத்தவங்க. மார்பகக் கேன்சர் வெளியில புண்ணா உடைஞ்சிருச்சு. வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே ஊதுபத்தி வாசம், கூடவே சாம்பிராணி, அதையெல்லாம் தாண்டி அந்தப் புண்ணோட வாடை. அந்தம்மா வீட்டுக்குள்ள இல்ல, கொல்லைப்பக்கம் மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு கட்டில்ல படுத்திருந்தாங்க, பிள்ளைங்க யாரும் தள்ளி வைக்கல, அவங்களேதான் போய் படுத்துக்கிட்டாங்க. சாப்பாடு சரியா இல்ல, பேச்சு இல்ல, நர்ஸ் அக்கா எது கேட்டாலும் "இருக்கேன்மா"ன்னு ஒரே பதில். டிப்ரஷனா இருக்கும், மாத்திரை கொடுக்கணும்போலன்னு நான் மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டு நிக்கிறேன்.

அக்கா டிரஸ்ஸிங் பண்ண உட்கார்ந்தாங்க. பழைய துணியை உப்புத்தண்ணி விட்டு நனைச்சு நனைச்சு மெதுவா எடுக்கவே இருபது நிமிஷம் ஆச்சு, அப்படியே இழுத்தா ரத்தம் வந்துடும். புண்ணைக் கழுவிட்டு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடிச்சுத் தூவினாங்க, வாடைக்குக் காரணம் அந்தப் புண்ணுல வளர்ற ஒரு வகை பாக்டீரியா, இந்த மருந்து அதைக் கொல்லும். இதெல்லாம் பண்ணிக்கிட்டே சும்மா பேச்சு வாக்குல "விளக்கெல்லாம் யாருக்கா ஏத்துறா?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான், அந்தம்மா கண்ணுல தண்ணி கொட்டுது. முப்பது வருஷமா தினம் அவங்கதான் ஏத்துவாங்களாம், சுவத்துல சின்ன மாடம், அதுல இருக்கன்குடி மாரியம்மன் படம். இந்த நாத்த உடம்போட ஆத்தா முன்னாடி போய் எப்படி நிப்பேன், தீட்டு ஆயிடாதா, அதான் போறதில்லைன்னு சொன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணும் சொன்னாங்க, சின்ன மக அம்மை போட்டுக் கிடந்தப்ப இருக்கன்குடிக்கு மாவிளக்கு எடுக்குறதா நேர்ந்துக்கிட்டு இன்னைக்கு வரைக்கும் செய்யலையாம், அந்தக் கடன்தான் இப்படி புண்ணா வந்து நிக்குதுன்னு.

நானா இருந்தா, அம்மா கேன்சர் அப்படியெல்லாம் வராது, அது செல்லுல வர்ற கோளாறுன்னு லெக்சர் அடிச்சிருப்பேன். அக்கா அப்படி எதுவும் சொல்லல. "என்னன்னு நேர்ந்துக்கிட்டீங்க, எத்தனை வெள்ளிக்கிழமை?"ன்னு விவரமா கேட்டாங்க, கேட்டுட்டு "இத்தனை வருஷமா இதைத் தூக்கிக்கிட்டா இருந்தீங்க"ன்னு சொல்லிட்டு கையைப் பிடிச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருந்தாங்க. கிளம்பும்போதுதான் "சின்னவ போய் எடுத்தா ஆத்தா ஏத்துக்க மாட்டாளா?"ன்னு ஒரு கேள்வி, பதிலை அந்தம்மாகிட்டயே விட்டுட்டாங்க. தினம் டிரஸ்ஸிங் நடந்துச்சு, ஒரு வாரத்துல வாடை நல்லா குறைஞ்சிருச்சு. அடுத்த தடவை நாங்க போறப்ப கட்டில் வீட்டுக்குள்ள இருந்துச்சு, மாடத்துக்கு நேரா. சின்ன மக வெள்ளிக்கிழமை இருக்கன்குடி போய் மாவிளக்கு எடுத்துட்டு வந்து வேப்பிலையும் குங்குமமும் கொடுத்திருக்கா. புண்ணு அதே புண்ணுதான், கேன்சரும் எங்கயும் போகல, ஆனா அந்தம்மா அன்னைக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க, எங்களுக்கு காபி போடச் சொல்லி மகளை அதட்டினாங்க. இதுல எது உடம்பு வைத்தியம், எது ஆன்மிக வைத்தியம்னு பிரிச்சுச் சொல்லுங்க பார்ப்போம், மாத்திரைப் பொடி இல்லாம மாடத்துப் பக்கம் வந்திருக்க மாட்டாங்க, மாடத்தைப் பத்திக் கேட்காம இருந்திருந்தா அந்தப் பொடியும் வெறும் பொடிதான்.

மதம் சார்ந்த தேவைகளும் வீட்டுக்கு வீடு வேற மாதிரி இருக்கும், தெரியாம நாமளா ஊகிக்கக் கூடாது. ஒரு பாயம்மாவுக்கு யூரின் டியூப் போட்டதுல இருந்து ஒரே அழுகை, ஒளு (தொழுகைக்கு முன்னாடி தண்ணியில கை, கால், முகம் கழுவுற சுத்தம்) நிக்காதே, தொழுகை கூடாமப் போயிடுமேன்னு. மகன் பள்ளிவாசல் இமாமைக் கூட்டிட்டு வந்தாரு, அவர் நோயாளிக்கு மார்க்கத்துல சலுகை இருக்கு, தண்ணி முடியலைன்னா மண்ணைத் தொட்டு சுத்தம் பண்ணிக்கிற தயம்மும் செய்யலாம், படுத்தபடியே தொழலாம்னு எடுத்துச் சொன்னாரு, அதை நாங்க சொல்லியிருந்தா அந்தம்மா கேட்டிருக்க மாட்டாங்க. கடைசி நேரத்துல கிப்லா பக்கம், அதாவது மக்கா இருக்குற திசைக்கு முகம் திருப்பணும், பக்கத்துல கலிமா சொல்லணும், குர்ஆன்ல இருக்குற யாசீன் ஓதணும்னு அவங்களுக்கு இருக்கும், கட்டிலை எந்தப் பக்கம் போடுறதுன்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கிட்டா நல்லது. கத்தோலிக்கர்களுக்கு நோயில் பூசுதல்னு சாமியார் வந்து ஜெபிச்சு எண்ணெய் பூசுற சடங்கு இருக்கு, நம்ம பாட்டிமாருங்க அவஸ்தைப் பூசுதல்னு சொல்லுவாங்க, சாமியார் வந்தாலே சாவு வந்திருச்சுன்னு நினைச்சு கடைசி நிமிஷம் வரைக்கும் கூப்பிட மாட்டாங்க. ஆனா 1960கள்ல கத்தோலிக்க ஆயர்கள் கூடின ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் அது சாகுறவங்களுக்கு மட்டும்னு இல்ல, கடுமையா நோய்ப்பட்ட யாருக்கும் கொடுக்கலாம், நினைவோட இருக்கும்போதே வாங்கினா சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேட்குற பாவசங்கீர்த்தனமும் நிதானமா பண்ணிக்கலாம்.

சரி, எப்படிக் கேட்குறது? கிறிஸ்டினா புகால்ஸ்கின்னு அமெரிக்க டாக்டர் ஒருத்தர் 1996ல டாக்டர்களுக்காக நாலு வகைக் கேள்வி வச்சு ஒரு முறை உருவாக்கினாங்க, ஃபிக்கான்னு பேரு. ஃபார்ம் நிரப்புற மாதிரி கேட்டா எந்த நோயாளியும் வாயைத் திறக்க மாட்டாங்க, நம்ம பேச்சுல போட்டுக் கேட்கணும். கஷ்டம் வர்றப்ப எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க? இந்த நோய் வந்தப்புறம் அந்தப் பிடிப்பு கூடியிருக்கா, விட்டுப்போச்சா? உங்களுக்குன்னு வந்து உட்கார்ற ஆளுங்க இருக்காங்களா, கோயில்ல, சபையில, சங்கத்துல? இதுல நாங்க என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க? அவ்வளவுதான் அது. நாலையும் ஒரே நாள்ல கேட்கணும்னு இல்ல, கால் அமுக்கி விடும்போது ஒண்ணு, தலை சீவும்போது ஒண்ணுன்னு கேட்டா போதும். கண்ணுக்கு நேரா உட்கார்ந்து கேட்குறதைவிட கை ஏதோ வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்போது கேட்டா நம்ம ஆளுங்க ஈஸியா பேசுறாங்க, இது என் அனுபவம்.

"நான் என்ன பாவம் பண்ணேன்"னு கேட்டா பதில் தேடாதீங்க. அது பெரும்பாலும் பதில் கேட்குற கேள்வி இல்ல, கதவைத் தட்டுற சத்தம். "எதை நினைச்சுப்பா அப்படித் தோணுது?"ன்னு மட்டும் கேட்டுட்டு வாயை மூடிக்கணும், அந்த மூடிக்கிறதுதான் ரொம்பக் கஷ்டம், அரை நிமிஷ அமைதி அரை மணி நேரமாத் தெரியும். பாசிட்டிவா இருங்கன்னு சொல்லாதீங்க, போன ஜென்மத்துக் கர்மான்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க, ஏற்கனவே தன்னைத்தானே குத்திக்கிட்டு இருக்குற ஆளுக்கு இன்னொரு கத்தி எடுத்துக் கொடுக்குற மாதிரி அது. படுக்கையில கிடக்குறவர்கிட்ட என் சாமிக்கு வா, குணமாயிடும்னு மதம் பேசுறது பெரிய தப்பு, எந்த மதக்காரங்க செஞ்சாலும். பேச்சுல சாகணும், ஏதாவது குடிச்சிடலாம்னு வந்துச்சுன்னா நாமளே சமாளிக்கலாம்னு இருக்காம உடனே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, தனியா விடாதீங்க.

இன்னொரு விஷயம், நோயை மறைக்கிறது. "அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்"னு ஃபைலை ஒளிச்சு வைக்கிற வீடுதான் நம்ம ஊர்ல அதிகம், நாங்களும் அப்படித்தான் இருந்தோம். பாசத்துலதான் செய்றோம், ஆனா அவருக்குத் தெரிஞ்சுதான் இருக்கும், நமக்குத் தெரியக்கூடாதுன்னு அவரும் மறைப்பாரு, கடைசில ரெண்டு பேரும் ஒரே ரூம்ல தனித்தனியா அழுதுக்கிட்டு இருப்போம். எல்லாத்தையும் போட்டு உடைக்கணும்னு நான் சொல்லல, எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறாருன்னு அவர்கிட்டயே கேட்கச் சொல்லி டாக்டர்கிட்ட சொல்லலாம். விஷயம் தெரிஞ்சாத்தான் பத்திரம் எங்க இருக்கு, யார்கிட்ட மன்னிப்பு கேட்கணும், யாரைப் பார்க்கணும்னு சொல்ல முடியும். கனடால ஹார்வி சோச்சினாவ்னு ஒரு மனநல டாக்டர், நோயாளியோட வாழ்க்கைக் கதையை அவங்க வாயாலேயே சொல்ல வச்சு பதிவு பண்ணி, எழுத்தாக்கி குடும்பத்துக்குக் கொடுக்குற முறையைக் கொண்டு வந்தாரு. நம்ம போன்லயே வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டு, சின்ன வயசுல எந்தக் குளத்துல நீச்சல் கத்துக்கிட்டீங்கன்னு ஆரம்பிச்சா போதும், மிச்சத்தை அவங்களே சொல்லுவாங்க.

உதவிக்கு யார் இருக்காங்கன்னா, வேலூர் சிஎம்சி மாதிரி இடத்துல இதுக்குன்னே போதகர்கள் இருக்குற தனித் துறையே இருக்கு. கேரளால 1993ல கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார்னு சிலர் சேர்ந்து ஆரம்பிச்சது இன்னைக்கு தெருவுக்குத் தெரு வாலண்டியர்கள் நோயாளியைப் போய்ப் பார்க்குற இயக்கமா வளர்ந்திருக்கு. நம்ம தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, படுக்கையில இருக்குறவங்களுக்கு வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சை கொடுக்குறதும் இருக்கு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்க் கேளுங்க.

கடைசி நாட்கள்ல சாப்பாடு குறையும், அப்புறம் நின்னே போகும். பட்டினி போட்டுக் கொல்றோமேன்னு வீட்டுல இருக்குறவங்க துடிப்பாங்க, வாயில ஊட்டப் பார்ப்பாங்க. உடம்பு அணையப்போற நேரத்துல அதுக்குப் பசிக்கிறதில்ல, வற்புறுத்தி ஊத்தினா புரை ஏறி நுரையீரலுக்குள்ள போயிடும். அப்ப பால் ஊத்துறது, கங்கைத் தீர்த்தம் கொடுக்குறதெல்லாம் வேண்டாம்னு சொல்றதான்னா, இல்ல, பஞ்சுல நனைச்சு உதட்டுல தொட்டு வச்சா போதும், வாயும் காயாது, செய்ய வேண்டியதை செஞ்ச நிறைவும் குடும்பத்துக்குக் கிடைக்கும். கண்ணைத் திறக்கலைன்னாலும் காது கேட்கும்னு வச்சுக்கிட்டே பேசுங்க, கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு சொத்துப் பேச்சு, ஆம்புலன்ஸ் வாடகைப் பேச்சு வேண்டாம்.

சாத்தூர் அம்மா அதுக்கப்புறம் ஆறு வாரம் இருந்தாங்க. கடைசி நாள் சாயங்காலம் நாங்க போனப்ப மூச்சு விட்டு விட்டு வந்துக்கிட்டு இருந்துச்சு, பெரியவ தலைமாட்டுல உட்கார்ந்து அம்மன் தாலாட்டை மெல்லமா பாடிக்கிட்டு இருந்தா, சின்னவ இருக்கன்குடியில இருந்து கொண்டு வந்த தீர்த்தத்தைப் பஞ்சுல நனைச்சு உதட்டுல ஒத்தி ஒத்தி எடுத்தா. அக்கா நாடியைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம அந்தப் பொண்ணு தோள்ல கையை வச்சாங்க. மாடத்துல விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, எண்ணெய் இருக்கான்னு சின்னவ ரெண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துட்டு வந்தா.